நா எழாத நல்லாசிரியர்

மனச்சஞ்சலத்தால் உறக்கம் கெட்டு, உணவு இறங்காமல் தவிக்கும் சகோதரரைப் பார்த்து, ஈமான் பலவீனமே காரணம் என்று சொல்லிவிடுவோர் நம்மில் உண்டு. அத்தகையோர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வைச் சற்றே சிந்திக்கட்டும்.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த இமாம் அவர்கள், நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். ஹிஜ்ரி 484-ல் அமைச்சர் நிஜாமுல் முல்க், பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவில் அவர்களை ஆசிரியராக அமர்த்தினார். 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். பேரும் புகழும் குவிந்தன.

ஆனால் தமது போதனை அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அவர்களின் உள்ளத்தைக் குடைந்தது. ஹிஜ்ரி 488 ரஜப் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இந்தப் போராட்டம் நீடித்தது. காலையில் பதவியைத் துறக்கத் துணிவார்கள். மாலையில் அத்துணிவு கலைந்துவிடும். முடிவில் பாடம் நடத்த நா எழவில்லை. ஒரு மிடறு நீரும் தொண்டையில் இறங்கவில்லை. உடல் தளர்ந்தது. நோய் உள்ளத்தில் தொடங்கி உடலில் பரவியது என்றும், கவலை நீங்காமல் மருந்து பலிக்காது என்றும் மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

இமாம் அவர்கள் தம் இயலாமையை ஒப்புக்கொண்டு அல்லாஹ்விடம் மன்றாடினார்கள். பதவியை விடுவது எளிதாயிற்று. பிள்ளைகளின் ஜீவனத்திற்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். பிறர் தடுத்துவிடுவர் என்றஞ்சி, மக்கா செல்வதாகக் கூறி டமாஸ்கஸ் சென்றார்கள். அங்கே பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்து இபாதத்தில் ஈடுபட்டார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்று, ஹஜ்ஜும் செய்து, பிள்ளைகளின் அழைப்பால் ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகும் குடும்பக் கவலையும் பிழைப்புக் கவலையும் குறுக்கிட்டன. மன அமைதி அவ்வப்போதுதான் கிட்டியது. ஆயினும் அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. ஹிஜ்ரி 499-ல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) தூஸில் வஃபாத்தானார்கள். இஹ்யாவு உலூமித்தீன் என்னும் பெருநூல், அந்தத் துறவுக் காலத்தை ஒட்டிப் பிறந்ததே.

சகோதரர்களே! இத்தகைய இமாமுக்கு ஈமான் குறைவு என்று சொல்லத் துணிவோர் யார்? எல்லோராலும் வேலையை விட்டு ஊர்விட்டுப் போக இயலாது, அது தேவையுமில்லை. நோயை மறைக்காமல் வீட்டாரிடம் சொல்லலாம், மருத்துவரிடம் காட்டலாம், சுமையைக் குறைக்கலாம், துஆவையும் விடாதிருக்கலாம். மருந்து உண்பது தவக்குலுக்கு முரணன்று. தவிப்பவரைப் பழிக்காமல் அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பது நம் கடமை. அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதி அருள்வானாக! ஆமீன்.