மனுவேல் கார்சியா

மனுவேல் பத்ரீசியோ ரொட்ரீகஸ் கார்சியா (மார்ச் 17, 1805 - ஜூலை 1, 1906) ஸ்பெயினில் பிறந்த பாரிட்டோன் பாடகரும் குரலிசை ஆசிரியரும் ஆவார். பாடும்போது குரல்நாண்கள் இயங்கும் விதத்தைக் கண்ணாடியின் உதவியால் கண்டு விளக்கியவர். குரல்வளை நோக்கி எனும் மருத்துவக் கருவி இவருடைய ஆய்வின் வழியாகவே பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

இளமை

இதே பெயர் கொண்ட இவருடைய தந்தை புகழ்பெற்ற ஆப்பெரா பாடகர் ஆவார். பாடகிகள் மரியா மாலிபிரான், பவுலின் வியார்தோ இருவரும் இவருடைய தங்கையர். 1825 இல் குடும்பத்துடன் நியூயார்க் சென்று, அங்கு நடைபெற்ற இத்தாலிய ஆப்பெராக்களில் பாடினார். இளம் வயதிலேயே குரல் பாதிப்புற்றதால் மேடையை விட்டு விலகிக் கற்பித்தலில் ஈடுபட்டார். பாரிசில் இராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றியபோது குரல்வளையின் உடற்கூற்றியலைப் பயின்றார். 1840 இல் மனிதக் குரல் பற்றிய ஆய்வுரையைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்திற்கு அளித்தார்.

குரல்வளை நோக்கி

1854 இல் பாரிசில், பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடியைத் தம் தொண்டையின் உட்புறத்தில் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது செலுத்தினார். தம் குரல்நாண்கள் திறந்து மூடுவதை அதில் கண்டார். இம்முடிவுகள் 1855 இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டன. இத்தகைய முயற்சிகள் முன்னரும் நடந்திருப்பினும், குரல் எழும்பும் விதத்தை இவ்வாறு நேரில் கண்டு விளக்கியது இவருடைய தனிச்சிறப்பாகும். பின்னர் தியூர்க், செர்மாக் ஆகியோர் இம்முறையை நோயறியும் முறையாக வளர்த்தனர்.

பயிற்சி முறை

பாடக் கற்போர் எழுப்பும் ஐயங்களுக்கு உடலின் இயக்கத்திலிருந்தே விடை தேடினார். நுரையீரல் துருத்தி போல் காற்றைச் செலுத்துகிறது. குரல்நாண்கள் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. தொண்டை அவ்வொலிக்கு நிறம் தருகிறது. வாயுறுப்புகள் சொல்லாக்குகின்றன என்று விளக்கினார். நெஞ்சுக்குரல், கள்ளக்குரல், தலைக்குரல் என்னும் வேறுபாடுகள் குரல்வளை இயங்கும் முறையால் விளைபவை என்றார்.

சுரத்தைத் தெளிவாகத் தொடங்குவதற்கு இவர் கூறிய முறையைச் சிலர் தொண்டையில் வேகமாக மோதுவது எனப் பிழையாகப் புரிந்துகொண்டனர். இருமல் போன்று காற்றைத் தள்ளுவது அதுவன்று என இவரே எச்சரித்தார். 1894 இல் வெளியான இவருடைய பாடல் வழிகாட்டி நூல் வினா விடை வடிவில் அமைந்தது.

மாணவர்கள்

1841 இல் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் களைத்துப்போன குரலுடன் இவரை நாடி வந்தார். கார்சியா உடனே பயிற்சியைத் தொடங்கவில்லை; சில வாரங்கள் பாடாமல் குரலுக்கு ஓய்வளிக்கச் சொன்னார். அதன் பின்னர் ஏறத்தாழ 10 மாதங்கள் பயின்ற லிண்ட், 1842 இல் மீண்டும் மேடையேறி ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றார். குரல் கெட்டவர் மேலும் கடினமாகப் பாடினால் கேடு பெருகும் என்பதைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் கார்சியா. மத்தில்தே மார்க்கேசி, சார்லஸ் சாண்ட்லி ஆகியோரும் இவரிடம் பயின்றவர்களே.

இறுதிக் காலம்

1848 முதல் 1895 வரை இலண்டன் ராயல் இசைக் கழகத்தில் கற்பித்தார். 1905 இல் இவருடைய 100 ஆவது பிறந்தநாள் இலண்டனில் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. மன்னர் ஏழாம் எட்வர்டு விருதளித்தார். பாடகர்களுடன் தொண்டை மருத்துவர்களும் கூடி வாழ்த்தினர். அடுத்த ஆண்டு, தமது 101 ஆவது வயதில் இலண்டனில் காலமானார்.