திலகர் பெற்ற வாக்கு

லோஹேகாவில் தங்கிப் படிக்கும் எனக்கு, விநாயகர் ஊர்வல மேளம் கேட்கும்போதெல்லாம் பால கங்காதர திலகரின் நினைவு எழும். சிறை சென்ற வீரராக அவரை நாம் அறிவோம்; தேர்தலில் நின்றவராகப் பலர் அறியார்.

1856-இல் இரத்தினகிரியில் பிறந்தார். புனே டெக்கான் கல்லூரியில் பட்டம் பெற்று, 1881-இல் நண்பர்களுடன் கேசரி இதழைத் தொடங்கினார். பெண்களின் இசைவு வயதை 10-லிருந்து 12 ஆக்கிய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரானடே முதலிய சீர்திருத்தவாதிகள் வரவேற்றனர். அந்நிய அரசு சமயத்தில் தலையிடலாகாது என்று திலகர் எதிர்த்தார். வைதிகர் அவர் பக்கம் திரண்டனர். 1893-இல் பம்பாயில் இந்து முஸ்லிம் கலகம் மூண்டது. அதன்பின் விநாயகர் விழா வீதிக்கு வந்தது. மொகரத்தில் கலந்துகொண்டிருந்த இந்துக்கள் பலர் விலகினர்.

இந்தச் சூழலில்தான் 1895-இல் பம்பாய்ச் சட்டசபைக்குப் போட்டியிட்டார். வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். ஸ்தல ஸ்தாபன உறுப்பினர்களே. சீர்திருத்த அணியின் எதிர்ப்பை மீறி வென்றார். அவ்வாண்டே புனே காங்கிரஸ் பந்தலில் சமூக சீர்திருத்த மாநாடு நடத்தக்கூடாதென்ற கிளர்ச்சி எழ, ரானடே விட்டுக்கொடுத்தார்.

அந்த வெற்றியை நான் முழுமனத்தோடு போற்ற இயலாது. சிறுமியரின் நலனும் அண்டை வீட்டாரின் நட்பும் அதற்கு விலையாயின. ஆயினும் அதே திலகர் 1916-இல் இலட்சுமணபுரியில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி தர இசைந்தார். அது நல்ல மருந்தா என்பது வேறு கேள்வி. பிரிவினால் வென்றவர் இணக்கத்தைத் தேடினார் என்பதே எனக்குப் பாடம். 1920-இல் மறைந்த அவரிடம் அந்தப் பிற்காலத் திலகரையே நான் வணங்குகிறேன்.