ஒரே கியர்ல ஜெயிச்ச சென்னா!

பைக்கையோ காரையோ விரட்டும்போது எப்போ கியர் மாத்துறீங்க? மீட்டரைப் பார்த்தா, இன்ஜின் சத்தத்தைக் கேட்டா? நீங்க ரெண்டாவது கட்சின்னா, அயர்டன் சென்னா உங்க ஆளு!

1960-ல் பிரேசிலின் சாவோ பாலோவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நாலு வயசில் அப்பா செஞ்சு கொடுத்த குட்டி கார்ட் வண்டியில் இருந்தது, புல் வெட்டும் மெஷினோட இன்ஜின். ஏழு வயசில் பண்ணையில் ஜீப் ஓட்டப் பழகினப்போ, கிளட்சை மிதிக்காமலே கியர் மாத்தக் கத்துக்கிட்டார். இன்ஜின் வேகமும் கியர் வேகமும் ஒத்துப்போற அந்த நொடியைப் பிடிச்சாத்தான் அது நடக்கும். (வீட்டு கார்ல ட்ரை பண்ணாதீங்க மக்களே, கியர்பாக்ஸ் செலவு தாங்காது.)

ரேஸிலும் அந்த நொடிதான் எல்லாமே. எந்த இன்ஜினுக்கும் சக்தி உச்சத்தைத் தொடுற ஒரு ஆர்.பி.எம் உண்டு. அதுக்கு முன்னாடியே கியரை ஏத்தினா, அடுத்த கியர்ல ஆர்.பி.எம் பொசுக்குனு விழுந்து வண்டி இழுக்காது. உச்சத்தைக் கொஞ்சம் தாண்டி, ரெட்லைன் பக்கத்தில் மாத்தினா, விழுந்த பிறகும் இன்ஜின் அதோட முழு பலத்துக்கிட்டயே நிக்கும். ரெட்லைனையே முட்டிக்கிட்டு நின்னாலும் நேரம்தான் வீண்.

13 வயசில் முதல் கார்ட் ரேஸ், சொந்த ஊர் இன்டர்லாகோஸில். 1984-ல் ஃபார்முலா 1. 1988, 1990-ல் உலக சாம்பியன். ஆனா, பிரேசில் கிராண்ட் பிரீயை மட்டும் ஏழு முறை முயற்சி பண்ணியும் ஜெயிக்க முடியல. ஊரே காத்திருந்தது.

1991 மார்ச் 24, இன்டர்லாகோஸ். மெக்லாரனில் 12 சிலிண்டர் ஹோண்டா இன்ஜின், ஆறு கியர். எதிரணி வில்லியம்ஸ் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலயே கியர் மாத்தலாம். சென்னாவோ ஒவ்வொரு முறையும் வலது கையை எடுத்து லீவரைத் தள்ளணும். முதலிடத்தில் போய்க்கிட்டு இருந்தப்போ நாலாவது கியர் போச்சு. துரத்தி வந்த நைஜல் மான்செலோட கியர்பாக்ஸும் சொதப்ப, அவர் சுழன்று வெளியேறினார். அப்பாடான்னு மூச்சு விடுறதுக்குள்ள சென்னாவுக்கு மத்த கியர்களும் ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு. கடைசி லேப்களில் மிஞ்சினது ஆறாவது மட்டும்!

பைக்கை டாப் கியர்லயே வெச்சு ஒரு யூ-டர்ன் போட்டுப் பாருங்க, உதறும் பாருங்க... அதுதான் நிலைமை. வளைவில் வேகம் ரொம்பக் குறைஞ்சா இன்ஜின் அணைஞ்சிடும், குறைக்கலைன்னா கார் ட்ராக்கை விட்டுப் போயிடும். போதாக்குறைக்கு மழைத் தூறல் வேற. பின்னால் வந்த ரிக்கார்டோ பட்ரேசே லேப்புக்கு லேப் நெருங்கினார். கடைசியில் வித்தியாசம் 2.991 வினாடி. சென்னா ஜெயிச்சார். தோள்கள் இறுகிப்போய், காரிலிருந்து இறங்கவே ஆள் தேவைப்பட்டது. மேடையில் கோப்பையைத் தூக்கக் கை வரல. ஆனாலும் தூக்கிட்டார்.

அந்த வருஷமும் அவர்தான் சாம்பியன். 1993-ல் இன்னொரு முறை பிரேசிலில் ஜெயிச்சார். 1994 மே 1, இத்தாலியின் இமோலா ட்ராக்கில் விபத்து. 34 வயசுதான்.

இன்டர்லாகோஸின் முதல் வளைவுகளுக்கு ‘சென்னா எஸ்’னு பேர். இப்போ ஓட்டுறவங்க அங்க விரல் நுனியில் படபடன்னு கியரைக் குறைக்கிறாங்க. 1991-ன் கடைசி லேப்களில் சென்னா அந்த வளைவுகளை ஆறாவது கியரிலேயே கடந்தார்.