எடிசனின் பேட்டரியும் சித்தப்பாவின் வேனும்

முகத்துவாரக்குப்பத்துல என் சித்தப்பா ஒரு பழைய மினி வேன் வாங்கியிருக்கார். சாயங்காலம் மீன் வறுவல் கடை போடணும்னு ஆசை. நாலு லைட், ஒரு ஃபேன், மசாலா அரைக்க ஒரு மிக்ஸி. இன்ஜினியரிங் படிக்கிறவன் நீதானே, பேட்டரியும் இன்வெர்ட்டரும் போட்டுக் கொடுன்னு சொல்லிட்டார். நானும் படம் வரைஞ்சேன். மழையும் உப்புக்காத்தும் படக்கூடாதுன்னு பேட்டரியை இறுக்கமா மூடின தகரப் பெட்டிக்குள்ள, கேஸ் அடுப்புக்குக் கீழே வெச்சேன். அது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிய வெச்சது ஒருத்தரோட வாழ்க்கை. பல்பு எடிசனை உங்களுக்குத் தெரியும். பேட்டரி எடிசனைத் தெரியுமா?

தாமஸ் ஆல்வா எடிசன் 1847-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான், மற்றதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தது. 12 வயதில் ரயிலில் பேப்பர் விற்க ஆரம்பித்தார். அந்த ரயிலின் சாமான் பெட்டியிலேயே ஒரு மூலையில் வேதியியல் ஆய்வகம் வைத்திருந்தார். ஒருநாள் அங்கே தீப்பிடித்து, ஆய்வகத்தோடு வெளியே அனுப்பப்பட்டார். ஓடுற வண்டியில கெமிக்கல் வெச்சா என்ன ஆகும்னு அவர் கத்துக்கிட்ட முதல் பாடம் அது.

இரண்டாவது பாடம் 1867-ல். அப்போது லூயிவில் நகரில் இரவு ஷிஃப்ட் தந்தி ஆபரேட்டர். வேலை நேரத்தில் பேட்டரி சோதனை செய்துகொண்டிருந்தபோது சல்ப்யூரிக் அமிலம் கொட்டி, மரத்தரை இடுக்கு வழியாகக் கீழ்மாடியில் இருந்த மேலதிகாரியின் மேசை மேல் இறங்கியது. மறுநாள் காலை வேலை போச்சு.

அதற்கப்புறம் நடந்தது உங்க பாடப்புத்தகத்திலேயே இருக்கும். 1877-ல் ஃபோனோகிராஃப், 1879-ல் பல்பு, 1882-ல் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்நிலையம். அது கொடுத்தது 110 வோல்ட் டிசி. சுமார் ஒரு மைல் தூரத்துக்கு மேல் அதை லாபமாகக் கொண்டுபோக முடியவில்லை. வெஸ்டிங்ஹவுஸ் டெஸ்லாவின் காப்புரிமைகளை வாங்கி ஏசியோடு வந்தபோது, எடிசன் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஏசி ஆபத்தானது என்று காட்ட அவருடைய ஆய்வகத்தில் விலங்குகளுக்கு மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். அவர் வாழ்க்கையில் மன்னிக்க முடியாத பக்கம் இது. கடைசியில் ஜெயிச்சது ஏசிதான். 1892-ல் அவர் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபோது, பெயரில் எடிசன் இல்லை.

தோத்த மனுஷன் 50 வயசைத் தாண்டி மறுபடியும் பேட்டரிக்கு வந்தார். அப்போது எலக்ட்ரிக் கார்கள் ஈய-அமில பேட்டரியில் ஓடின. கனமானவை, அமிலம் வேறு. எடிசன் நிக்கலையும் இரும்பையும் காரக் கரைசலில் வைத்து ஒரு பேட்டரி செய்தார். 1903-ல் ஆர்ப்பாட்டமாக விற்பனைக்கு விட்டார். ஆய்வகத்தில் நன்றாக இருந்த அந்த பேட்டரி, வண்டியில் ஏறியதும் கசிந்தது. சில செல்கள் சீக்கிரமே திறன் இழந்தன. எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். ஆயிரக்கணக்கான சோதனைகள், பல வருடங்கள். திருத்திய பேட்டரி வெளிவரும்போது 1909 தாண்டிவிட்டது. ஃபோர்டின் மாடல் டி பெட்ரோல் கார் அதற்குள் ரோட்டில் இருந்தது. எலக்ட்ரிக் கார் சந்தையே சுருங்கியது. ஆனாலும் அந்த பேட்டரி ரயில் பெட்டி விளக்கு, சுரங்க விளக்கு என்று நீண்ட காலம் உழைத்தது.

ஃபோர்டோடு எடிசன் காரில் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார். கூட டயர் முதலாளி ஃபயர்ஸ்டோன். 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்கும் வந்து சேர்ந்தார். காட்டுக்கு நடுவில் அந்தக் கூடாரங்களில் மின்விளக்கு எரிந்தது. எடிசன் கொண்டுபோன பேட்டரியில்தான். சித்தப்பா வேனுக்கு முன்னோடின்னு இதைச் சொல்லலாம்.

இதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்ததுதான் என் படத்தை மாத்த வெச்சது. நீர்மூழ்கிக் கப்பலில் ஈய-அமில பேட்டரி மேல் கடல்நீர் பட்டால் குளோரின் வாயு வரும். எடிசன் பேட்டரியில் அமிலமே இல்லை, அதனால் பாதுகாப்பானது என்று சொல்லி ஈ-2 என்ற கப்பலில் பொருத்தினார்கள். 1916 ஜனவரியில் நியூயார்க்கில் கப்பல் நின்றுகொண்டிருந்தபோதே உள்ளே வெடித்தது. மாலுமிகள் இறந்தார்கள். காரணம் பேட்டரியிலிருந்து வந்து தேங்கிய ஹைட்ரஜன். குளோரினுக்குப் பயந்தவர்களை ஹைட்ரஜன் கொன்றது. எடிசன் 1931-ல் இறந்தார். அந்த ஹைட்ரஜன் பிரச்சினை இன்னும் நம்ம வீட்டுல இருக்கு.

ஈய-அமில பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். நான் வரைஞ்சது மூடின பெட்டி, மேலே அடுப்பு!

இப்போ புதுக் கணக்கு பாருங்க. 10 வாட் லைட் 4, 30 வாட் ஃபேன் 1, ரெண்டும் 5 மணி நேரம்: 350 வாட்-அவர். 500 வாட் மிக்ஸி கால் மணி நேரம்: 125. லைட்டையும் ஃபேனையும் 12 வோல்ட் டிசியிலேயே ஓட்டிட்டா இன்வெர்ட்டர் இழப்பு மிச்சம். இந்த இடத்துல எடிசன் சொன்னது சரி. மிக்ஸிக்கு மட்டும் இன்வெர்ட்டர் வழியா ஏசி. இழப்பையும் சேர்த்து மொத்தம் சுமார் 500. 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில 1200 இருக்கும், ஆயுசு குறையாம இருக்கப் பாதியைத்தான் எடுக்கணும். 600, போதும். ஆனா மிக்ஸி ஓடும்போது பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் கிட்ட வரும். அதனால தடிமனான கேபிள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ்.

பேட்டரி இப்போ வேனோட பின்பக்கம், அடுப்புக்கு எதிர்க்கோடியில. பெட்டிக்கு மேலேயும் கீழேயும் காத்துத் துளை, ஆடாம இருக்கக் கட்டு, அடியில அமிலம் தாங்குற பிளாஸ்டிக் தட்டு. லூயிவில் ஞாபகமா!

அடுத்த தடவை வீட்டுக்குப் போனா, உங்க இன்வெர்ட்டர் பேட்டரி எங்க இருக்குன்னு பாருங்க. மூடின அலமாரிக்குள்ளயா, சாமி விளக்குப் பக்கத்துலயா? அப்படின்னா அன்னைக்கே இடம் மாத்திடுங்க.