உலகின் பசிக்கு விதை சேர்த்தவர் சிறையில் பசியால் இறந்தது ஏன்? யார் இந்த நிகோலாய் வாவிலோவ்?

உலகில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக நாடு நாடாகப் போய் விதை சேகரித்த ஒரு விஞ்ஞானி, கடைசியில் சாப்பாடு இல்லாமல் சிறையில் இறந்துபோனார். அவர்தான் ரஷ்யாவின் நிகோலாய் வாவிலோவ். இன்றைய விதை வங்கிகளுக்கு முன்னோடி இவர்தான்.

யார் இவர்?

1887-ல் மாஸ்கோவில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். வேளாண்மை படித்தார். பயிர்களுக்கு நோய் எதிர்ப்புத் திறன் எப்படி வருகிறது என்பதுதான் அவருடைய ஆரம்பகால ஆய்வு. 1917-ல் சரத்தோவ் நகரில் பேராசிரியர் ஆனார். 1921-ல், பின்னாளில் லெனின்கிராட் என்று பெயர் மாறிய பெட்ரோகிராடுக்குப் போய், தாவர ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அப்போது ரஷ்யாவில் கடும் பஞ்சம். லட்சக்கணக்கானோர் பசியால் இறந்துகொண்டிருந்தார்கள்.

விதை தேடி அலைந்தது ஏன்?

ஒரு ரகம் நல்லா விளையுதுன்னா, அதையே எல்லா இடத்திலும் போட்டால் போதாதா? போதாது. அந்த ரகத்தால் தாங்க முடியாத ஒரு நோய் வந்தால் மொத்த விளைச்சலும் போச்சு. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குக்கு அதுதான் நடந்தது. அங்கே கருகல் நோய் பரவியதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

நோயையும் வறட்சியையும் தாங்கும் குணம் எங்கோ ஒரு மலைக்கிராமத்து நாட்டு ரகத்தில் இருக்கலாம். அதை நல்ல மகசூல் தரும் ரகத்தோடு கலப்பு செய்தால் புது ரகம் கிடைக்கும். ஆனால் அந்த நாட்டு ரகம் அழிந்துவிட்டால்? அதனால்தான் வாவிலோவ் கிளம்பினார். ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, சீனா, ஜப்பான், மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று அலைந்தார். அவரும் அவருடைய குழுவினரும் சேர்த்த விதை மாதிரிகள் சுமார் 2.5 லட்சம்.

ஒவ்வொரு பயிரும் உலகின் எந்தப் பகுதியில் தோன்றியது என்றும் அவர் வரையறுத்தார். நெல், கத்தரிக்காய், மாம்பழம் ஆகியவற்றுக்கு அவர் குறித்த தாயகங்களில் இந்தியாவும் ஒன்று.

சிறைக்குப் போனது எப்படி?

ஒரு புது ரகத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஸ்டாலின் அரசுக்கு அந்தப் பொறுமை இல்லை. கூட்டுப்பண்ணைத் திட்டம், கட்டாயத் தானியக் கொள்முதல் ஆகியவற்றின் விளைவாக 1932-33-ல் மறுபடியும் பெரும் பஞ்சம் வந்தது. இந்த நேரத்தில்தான் மரபணுவியலையே மறுத்த லைசென்கோ, குறுகிய காலத்தில் விளைச்சலைப் பெருக்கிக் காட்டுவதாகச் சொல்லி ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார்.

வாவிலோவ் பின்வாங்கவில்லை. லைசென்கோ சொல்வது அறிவியல் இல்லை என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். 1940 ஆகஸ்டில், மேற்கு உக்ரைனில் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோதே கைதானார். வேளாண்மையைக் கெடுத்தார், உளவு பார்த்தார் என்று குற்றச்சாட்டு. முதலில் மரண தண்டனை; பிறகு அது 20 ஆண்டு சிறையாகக் குறைந்தது. தான் பேராசிரியராக இருந்த அதே சரத்தோவில், சிறைக்குள் பட்டினியால் உடல் நலிந்து 1943 ஜனவரி 26 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 55.

விதைகள் என்ன ஆயின?

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. நகரமே பசியில் செத்துக்கொண்டிருந்தது. வாவிலோவின் சக ஊழியர்களைச் சுற்றி நெல்லும் கோதுமையும் நிலக்கடலையும் இருந்தன. ஆனாலும் யாரும் அதைத் தின்னவில்லை. எலிகளிடமிருந்து காத்தார்கள், உருளைக்கிழங்கு உறைந்துவிடாமல் இருக்க, கிடைத்ததை எரித்துச் சூடேற்றினார்கள். நெல் வல்லுநர் டிமித்ரி இவானோவ், நிலக்கடலை வல்லுநர் அலெக்சாண்டர் ஷூகின் உட்படப் பலர் அந்த விதைகளுக்கு நடுவிலேயே பசியால் இறந்தார்கள். அந்தச் சேகரிப்பு தப்பியது.

இன்று இதற்கு என்ன பயன்?

1955-ல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று சோவியத் நீதிமன்றம் அறிவித்தது. அவர் வளர்த்த நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2008-ல் நார்வேயின் ஸ்வால்பார்டில் உலக விதைக் காப்பகம் திறக்கப்பட்டது. சிரியா போரால் அலெப்போ அருகிலிருந்த விதை வங்கியில் வேலை செய்ய முடியாமல் போனபோது, 2015-ல் அங்கிருந்த விஞ்ஞானிகள் ஸ்வால்பார்டில் கொடுத்து வைத்திருந்த விதைகளைத் திரும்ப எடுத்தார்கள். லெபனானிலும் மொராக்கோவிலும் அவற்றை மறுபடி பயிரிட்டுப் பெருக்கினார்கள்.