19 வயதில் வானில் மறைந்த இந்திய விமானி இந்திரலால் ராய்

முதல் உலகப் போரில் பறந்த எஸ்.இ.5ஏ போர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 8.11 மீட்டர் நீளம். அதை 48-இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி விமானம் செய்தால் 17 சென்டிமீட்டர்தான் வரும். ஒரு சாண்கூட இல்லை. அதில் உட்கார வைக்கும் விமானி பொம்மையின் தலை ஒரு மிளகு அளவுதான் இருக்கும்.

பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, சாயம் பூசி இப்படி விமானம் செய்வதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. அந்த இருக்கையில் ஒரு காலத்தில் ஓர் இந்தியரும் உட்கார்ந்திருந்தார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்தான் இந்திரலால் ராய்.

1898 டிசம்பர் 2-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தவர். தந்தையார் பியாரிலால் ராய் வழக்கறிஞர். தாயார் லலிதா ராய், 1911-இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டனில் நடந்த பெரிய ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். குடும்பம் லண்டனில் குடியேறியதால் இந்திரலால் அங்கே செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். போர் மூண்டபோது அவருக்கு 15 வயது.

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் பிரிட்டனின் விமானப் படையான ராயல் ஃபிளையிங் கோரில் சேர மனுப் போட்டார். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்திரலால் சோர்ந்து உட்காரவில்லை. தம்மிடம் இருந்த மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். பார்வையில் குறையில்லை என்று முடிவு வந்தது. 1917 ஏப்ரலில் படையில் சேர்ந்தார். ஜூலையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

அந்த ஆண்டை நம் வட்டார மக்கள் வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். 1917-இல்தான் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். சுற்றிலும் நம் முன்னோர் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலம். மலாயாவில் திரட்டிய நிதியைக் கொண்டு வாங்கிய விமானங்களும் அந்தப் போரில் பறந்தன. ஆனால் விமானத்தை ஓட்டும் இருக்கை வேறு விஷயம். லட்சக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் அந்தப் போரில் சண்டையிட்டாலும், மன்னரின் பெயரால் அதிகாரி நியமனம் பெறுவது இந்தியருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. விமானப் படையில் அந்தக் கதவு சற்றே திறந்தது. ஹர்தித் சிங் மாலிக், எரோல் சந்தர் சென், வெலிங்கர், இந்திரலால் ராய் என்று போர் விமானம் ஓட்டிய இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ இரட்டை அடுக்கு இறக்கை கொண்டது. மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, அது விறைப்பாக நிற்க மேலே ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். ஒரு துப்பாக்கி, சுழலும் காற்றாடித் தகடுகளில் படாமல் அவற்றின் இடைவெளியில் சுடும். இன்னொன்று மேல் இறக்கையின் மீது இருக்கும். பாரசூட் கிடையாது. மாதிரி செய்பவர்களின் பொறுமையைச் சோதிப்பது, இரண்டு இறக்கைகளையும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள்தான். மிக மெல்லிய தங்கூசியை ஒவ்வொன்றாகக் கோத்து இழுத்து ஒட்ட வேண்டும். ஒன்று தொய்ந்தாலும் கண்ணை உறுத்தும். அசல் விமானத்தில் அந்தக் கம்பிகளை நம்பித்தான் ஓர் உயிர் மேலே போனது.

1917 அக்டோபர் இறுதியில் இந்திரலால் பிரான்சில் 56-ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார். டிசம்பர் 6-ஆம் தேதி அவருடைய விமானம் தரையில் மோதியது. அவர் இறந்துவிட்டதாக நினைத்துச் சவக்கிடங்கில் கிடத்திவிட்டார்கள், நினைவு திரும்பியதும் உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, காயம் உண்மை. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

உடல் தேறிய அந்த மாதங்களில் அவர் செய்த காரியம், விமானங்களை வரைந்தது. ஒன்றல்ல, பல படங்கள். அவற்றில் நிறைய இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. மாதிரி விமானம் செய்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒன்றைச் செய்யவோ வரையவோ வேண்டுமானால் முதலில் அதை உற்றுப் பார்க்க வேண்டும். கண் சரியில்லை என்று ஒதுக்கப்பட்டவர் விமானத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

பறக்கும் அளவுக்கு உடல்நிலை இல்லை என்று மருத்துவர்கள் மறுபடியும் தடுத்தார்கள். மேலதிகாரிகளிடம் விடாமல் வாதாடி, 1918 ஜூனில் 40-ஆவது படைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய அணித் தலைவர் ஜார்ஜ் மெக்கெல்ராய், அயர்லாந்துக்காரர்.

ஜூலை 6-ஆம் தேதி முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். 8-ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 19-ஆம் தேதி வரை அவர் கணக்கில் ஏறியவை பத்து. இரண்டு மற்றவர்களோடு சேர்ந்து வீழ்த்தியவை. ஒவ்வொரு விமானத்திலும் அவரைப் போன்ற இளைஞர் ஒருவரோ இருவரோ இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஜூலை 22-ஆம் தேதி, பிரான்சின் கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மனியின் ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவருடைய விமானம் வீழ்ந்தது. அப்போது அவருக்கு 19 வயது. ஒன்பது நாள் கழித்து, 31-ஆம் தேதி மெக்கெல்ராயும் மாண்டார். எஸ்டெவெல் என்ற சிற்றூரின் இடுகாட்டில் இந்திரலால் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் வங்காள எழுத்தும் இருக்கிறது. செப்டம்பரில் அவருக்கு டி.எஃப்.சி. விருது அறிவிக்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 1998-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

அவர் சண்டையிட்டது தம் நாட்டை அடிமையாக வைத்திருந்த அரசுக்காக. அது சரியா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஆனால் இரண்டு முறை முடியாது என்று சொல்லியும், இரண்டு முறையும் அந்த இருக்கைக்கே திரும்பிப் போனவர் அவர் என்பதை யாரும் மறுக்க முடியாது.

மாதிரி விமானப் பெட்டிகளோடு வரும் குறிப்புத் தாளில் விமானியின் முகத்துக்குத் தோல் நிறம் பூசச் சொல்லியிருக்கும். கடையில் அந்தப் பெயரில் விற்கும் சாயத்தைத் திறந்து பார்த்தால் வெளிர் ரோஜா நிறம். அடுத்த முறை எஸ்.இ.5ஏ செய்ய உட்காரும் நம் வீட்டுப் பிள்ளை அதில் ஒரு சொட்டு பழுப்பைக் கலக்கட்டும். மிளகு அளவு முகம்தான். ஆனாலும் அது இந்திரலால் ராயின் முகம்.