வெறுங்கால் அணியின் கேப்டன் டாக்டர் டி. ஆவோ



நம் சுவரிதழில் காந்தியடிகள், காமராஜர், அப்துல் கலாம் ஐயா பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க. அதனால் இங்கே யாரும் எழுதாத ஒருவரைப் பற்றி நான் எழுதுகிறேன். ஒலிம்பிக்கில் விளையாடிய நம் நாட்டின் முதல் கால்பந்து அணிக்கு இவர்தான் கேப்டன். பிறகு பெரிய டாக்டராகவும் ஆனார். பெயர் தாலிமெரென் ஆவோ. சுருக்கமாக டி. ஆவோ என்று சொல்வார்கள்.

பிறப்பும் இளமையும்

டி. ஆவோ 1918-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று சாங்கி என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். அது இன்றைய நாகாலாந்து மாநிலத்தில் மொகோக்சுங் மாவட்டத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். அவர் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அப்பா கிறிஸ்தவ சபையில் போதகர். வீட்டில் நிறையப் பிள்ளைகள். மகனை டாக்டராகப் பார்க்கணும் என்பது அப்பாவின் ஆசை. ஆனால் டி. ஆவோ இளைஞராக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அந்த ஆசையை மட்டும் மகன் விடவில்லை.

ஜோர்ஹாட்டில் பள்ளிப் படிப்பு, குவாஹாட்டியில் காட்டன் கல்லூரி, 1942-இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி என்று படித்துக்கொண்டே போனார். பந்தும் கூடவே போனது. குவாஹாட்டியில் மகாராணா கிளப்புக்கு ஆடினார். 1943-இல் நாட்டின் புகழ் பெற்ற மோகன் பகான் கிளப்பில் சேர்ந்து, அதற்கும் கேப்டன் ஆனார்.

அவர் ஆடியது நடுக்களத்தில், தடுக்கிற இடத்தில். கோல் போடுகிறவர் பேரைத்தான் எல்லாரும் கத்துவாங்க. நடுவில் நின்று பந்தை மறித்து, மற்றவருக்குத் தள்ளிக் கொடுக்கிறவரை யாரும் கவனிக்க மாட்டாங்க. அந்த இடத்தில் நின்றவரைத்தான் கேப்டன் ஆக்கினார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

லண்டன் ஒலிம்பிக்

1948-இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. ஜூலை 29 அன்று தொடக்க விழாவில் நம் தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் டி. ஆவோ. நாடு சுதந்திரம் அடைந்து அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை.

இரண்டே நாளில், ஜூலை 31 அன்று, பிரான்ஸ் அணியோடு போட்டி. தோற்றால் வெளியே. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். நம்ம பசங்க குப்பத்து மணலில் ஆடுகிற மாதிரியேதான்! எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டவர்கள்.

30-ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. 70-ஆவது நிமிடத்தில் பெங்களூரு சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். ஆனால் 89-ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டுவிட்டது. 2-1 என்று தோற்றோம்.

இதில் வயிறு எரிகிற விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. பெனால்டி என்றால் 11 மீட்டர் தூரம், எதிரில் கோல்கீப்பர் ஒருத்தர் மட்டும். கோல் கம்பத்தின் அகலம் 7 மீட்டருக்கு மேல். ஒன்றை சைலன் மன்னா தவறவிட்டார். இன்னொன்றை மகாபீர் பிரசாத் தவறவிட்டார். இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால்கூட ஆட்டமே மாறியிருக்கும்.

தோற்ற பிறகு

இந்த இடத்தில் ஒரு அணி உடைந்து போவது ரொம்ப சுலபம். உன்னால்தான் தோற்றோம் என்று எல்லார் முன்னாலும் ஒருத்தர் ஆரம்பித்தால் போதும். ஆனால் டி. ஆவோவின் அணி உடையவில்லை. ஒலிம்பிக் முடிந்து ஹாலந்து போனபோது, ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணியை 5-1 என்று ஜெயித்தார்கள்.

பெனால்டி தவறவிட்ட சைலன் மன்னா என்ன ஆனார் தெரியுமா? அவரை யாரும் ஒதுக்கவில்லை. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் அவரே இந்திய அணியின் கேப்டன். இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் வாங்கினோம். அடுத்த ஒலிம்பிக்கிலும் (1952) அவரே கேப்டன். 1948-லேயே அவரை அவமானப்படுத்தி ஓட்டியிருந்தால், 1951-இல் அந்த அணியை யார் நடத்தியிருப்பார்?

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. அதுவும் அதே பிரான்ஸ்தான்! 2006 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டி வரை வந்த பெரிய அணி அது. 2010-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு வீரர் பயிற்சியாளரைத் திட்டினார் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். உடனே மற்ற வீரர்கள் பயிற்சி செய்ய மாட்டோம் என்று மறுத்தார்கள். கேமராக்கள் பார்க்கும்போதே கேப்டனும் உடற்பயிற்சியாளரும் மோதிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காமல், பிரிவில் கடைசி இடத்தோடு ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குத் திறமை இல்லையா என்ன? காலில் பூட்ஸ் இல்லையா?

நம்ம மணலில் நடப்பது

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம்ம குப்பத்து அணியிலும் இதுதான் நடக்குது. பக்கத்துக் குப்பத்தோடு ஆடிய ஆட்டத்தில் ஒரு பையன் பெனால்டியை வெளியே அடிச்சிட்டான். படகு ஓரம் உட்கார்ந்திருந்த பெரியவங்க, மீன் வாங்க வந்தவங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாரும் பார்க்கும்போதே அவனை நடுவில் நிறுத்தி வைத்துத் திட்டினாங்க. அவன் தலையைக் குனிஞ்சிட்டே போனான். அன்றிலிருந்து மைதானத்துக்கே வரலை. அந்த அணிக்குக் கேப்டன் வேறு யாரும் இல்லை, என் சொந்த அண்ணன்தான். இதைப் படிச்சிட்டு வீட்டில் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

தப்பைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆடும்போது பின்னாடி ஆள் வருது, இடது பக்கம் தள்ளு, சீக்கிரம் திரும்பு என்று கத்தித்தான் ஆகணும். அது அடுத்த பந்துக்கு உதவும். போன பந்துக்காக ஊரைக் கூட்டித் திட்டுவது யாருக்கு உதவும்? பெனால்டி எப்படி அடிக்கணும் என்று மறுநாள் தனியாக அழைத்துச் சொல்லிக் கொடுக்கலாமே. கரைவலை இழுக்கும்போது ஒருத்தர் கை வழுக்கினால், கயிற்றை விட்டுவிட்டு யாராவது அவரைத் திட்டிட்டு நிற்பாங்களா? எல்லாருமா முதல்ல கயிற்றைத்தான் இறுக்கிப் பிடிப்பாங்க. பேச்செல்லாம் வலை கரை சேர்ந்த பிறகுதான்.

கால்பந்து விதியில் கேப்டனுக்கு என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஆனால் தன் அணி நடந்துகொள்ளும் விதத்துக்கு அவர் ஓரளவு பொறுப்பு என்று இருக்கிறது. கையில் பட்டை கட்டிக்கொள்வது திட்டுவதற்காக இல்லை, பொறுப்பு ஏற்பதற்காக.

டாக்டர் ஆவோ

கால்பந்தில் எவ்வளவு புகழ் வந்தாலும் டி. ஆவோ மருத்துவப் படிப்பை விடவில்லை. படித்து முடித்ததும் கல்கத்தாவிலேயே தங்கிவிடாமல் தன் மலைக்கே திரும்பினார். கோஹிமா அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1963-இல் நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. அந்த மாநிலத்தின் சுகாதார சேவைகள் இயக்குநராகப் பணியாற்றி 1978-இல் ஓய்வு பெற்றார். அப்பாவின் ஆசையையும் நிறைவேற்றினார், நாட்டுக்காகக் கொடியையும் பிடித்தார். 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று காலமானார்.

ஜெயித்த கேப்டன்களைப் பற்றி நிறையப் புத்தகம் இருக்கிறது. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகும் தன் ஆட்களை அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போன இந்தக் கேப்டனையும் நாம் தெரிந்துகொள்வோம்.

தெரிந்து கொள்வோம்

* டி. ஆவோ, சைலன் மன்னா இருவருமே மோகன் பகான் ஆட்டக்காரர்கள்.
* 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. குளிரில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.
* 1951 இறுதிப் போட்டியில் கோல் போட்டவர் மேவாலால்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி